கால் நரம்பு ஆபரேஷன் முடிந்து 11 வாரம், வீக்கம் வடியவில்லை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மார்ட்டன் நியூரோமா. வலது காலில் மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே தடித்துப்போன நரம்பை வெட்டி எடுத்து இன்றோடு 11 வாரம். அந்த விரல்களுக்கு இடையே மரத்துப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், அதில் பயமில்லை. ஆனால் சாயங்காலம் பாதம் வீங்கிவிடுகிறது. செருப்பு வார் பதிந்த தடம் படுக்கப் போகும்வரை மறைவதில்லை. அடுப்படியில் பத்து நிமிடம் நின்றாலே தையல் போட்ட இடத்தில் சுரீரென்று இழுக்கிறது. வெட்டிய நரம்பின் நுனி மறுபடியும் தடிக்கலாம் என்று படித்ததிலிருந்து சரியாகத் தூக்கமே இல்லை.

இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உங்களுக்கு வீக்கம் எத்தனை மாதத்தில் வடிந்தது? தழும்பை நீவிவிட்டது உதவியதா? விரலை நெருக்காத, அடி மெத்தென்ற செருப்பு எது போடுகிறீர்கள்? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன், அவரிடம் மறக்காமல் என்ன கேட்க வேண்டும்?