போர்க்கத்தி கொள்முதல்: ஒரு கத்திக்கு இவ்வளவு விலை எதனால் ஆகிறது?

ராயபுரம் பட்டறைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கத்திப் பட்டறை ஒன்று இருக்கிறது. காசிமேட்டில் மீன் வெட்டுபவர்களுக்கான கத்திகளைத்தான் பெரும்பாலும் செய்கிறோம். லாரியில் கழித்த ஸ்பிரிங் பட்டையை வாங்கி, உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்து, சாணை பிடித்துத் தருவோம். படைவீரர்களுக்கான போர்க்கத்தி 5,000 வழங்கும் ஒப்பந்தத்துக்கு எங்களோடு சேர்ந்து விலைப்புள்ளி கொடுக்கலாம் என்று ஆவடிப் பக்கத்து நிறுவனம் ஒன்று கேட்டிருக்கிறது. அலகு 7 அங்குலம். பிடியும் உறையும் சேர்த்து ஒரு கத்திக்கு அவர்கள் போட்டிருக்கும் உத்தேச மதிப்பு 1,500 ரூபாய். ஏறக்குறைய அதே எடை இரும்பில் நாங்கள் செய்யும் கத்தி அதில் கால் பங்கு விலைக்குத்தான் போகிறது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? படைகளிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய கத்திகளைச் சாணை பிடித்தே பயன்படுத்த முடியாதா? இந்த இரண்டுக்கும் விவரம் அறிந்தவர்கள் விளக்கம் தர வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார், பெரம்பூர்:

தம்பி, முதலில் அந்தக் கத்தி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விலை பாதி விளங்கிவிடும். 2004 மே மாதம் ஈராக்கின் அமாரா நகருக்கு அருகே பிரிட்டிஷ் வீரர்கள் துப்பாக்கியில் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பொருத்திப் பாய்ந்ததை இன்றுவரை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள் என்றால், அப்படிப்பட்ட சண்டை எவ்வளவு அரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தரைப்படை 2010இல் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் பயிற்சியையே எடுத்துவிட்டது. வீரனின் இடுப்பில் உள்ள கத்தி நாள்தோறும் கயிறும் நாடாவும் அறுக்கிறது, வெடிமருந்துப் பெட்டியின் பலகையை நெம்புகிறது, புதரை வெட்டுகிறது, சில நேரம் மண்ணையும் கிளறுகிறது. மீன் வெட்டும் கத்தியை யாரும் நெம்புகோலாகப் பயன்படுத்துவதில்லை. நெம்பும்போது முனை முறியக்கூடாது, பிடி கழன்று வரக்கூடாது என்பதற்குத்தான் அதிகப் பணம் கொடுக்கிறார்கள்.

பழையதைச் சாணை பிடிக்கலாம். படைப்பிரிவுகளில் பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அலகு தேய்ந்து குறுகும், முனை மழுங்கும். அலகைவிட முன்னதாகவே உறையின் பூட்டும் பிடியும் கெட்டுவிடும். 1942இல் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்கள் ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியின் பிடி தோல் வளையங்களை அடுக்கிச் செய்தது. கைக்கு அருமையாக இருக்கும், ஆனால் நம் கடற்கரை போன்ற ஈரக்காற்றில் தோல் பூஞ்சை பிடித்துவிடும். உறையில் நிற்காமல் விழும் கத்தி, எவ்வளவு கூராக இருந்தாலும் அதை வைத்திருப்பவனுக்குத்தான் ஆபத்து.

உலோகவியல் பணியாளர், அம்பத்தூர்:

சுபேதார் ஐயா சொன்னதோடு பட்டறைப் பக்கத்தையும் சேர்க்கிறேன். கா-பார் வகைக் கத்திகளில் பயன்படும் 1095 எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.95 சதவீதம் இருக்கும். அதை ஏறக்குறைய 800 டிகிரி வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் மறுபடி அதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் சூடாக்கிப் பதப்படுத்துகிறோம். முடிவில் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை வந்தால் கூரும் நிற்கும், முறியாமலும் தாங்கும். கைப்பழக்கம் உள்ள கொல்லர் உலையின் நிறத்தைப் பார்த்தே ஒரு கத்தியை இந்தப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்தத் திறமையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் படைக்குத் தேவைப்படுவது ஐயாயிரமும் ஒரே பதம். கழித்த ஸ்பிரிங் பட்டையில் எந்தப் பட்டை எந்த எஃகு என்று எழுத்தில் காட்ட முடியாது. ஆலைச் சான்றிதழோடு புதிய எஃகு, வெப்பக் கட்டுப்பாடு உள்ள உலை, தொகுதிதோறும் கடினச் சோதனை, உப்புநீர்த் தெளிப்பில் துருச் சோதனை, வளைத்தும் முறித்தும் பார்த்து வீணாகும் மாதிரிகள் ஆகிய அனைத்தும் விற்கும் கத்திகளின் தலையில்தான் ஏறும்.

கொள்முதல் கணக்கர் (ஓய்வு), தண்டையார்பேட்டை:

இதுபோன்ற பொருள்கள் வழக்கமாக வருவாய்க் கொள்முதலில், அதாவது படைகளின் அன்றாடச் செலவுக் கணக்கில் வாங்குவதில், அடங்கும். 2009 முதல் நடப்பில் இருந்த பாதுகாப்புத் துறைக் கொள்முதல் கையேட்டுக்குப் பதிலாகப் புதிய கையேடு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய ஒப்பந்தப் படிவத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். விலைப்புள்ளியோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை பொதுவாக மொத்த மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். உங்கள் கணக்குப்படி மொத்த மதிப்பு 75 லட்சம் என்றால், 2 சதவீதத்துக்கே ஒன்றரை லட்சம் முடங்கும். உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறுந்தொழில் என்றால் இந்தத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று மிகக் குறைந்த விலை சொல்லி, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அதே விலைக்கு இறங்கிவந்து ஒரு பகுதியை நீங்கள் வழங்கலாம் என்பது குறு, சிறு தொழில்களிடம் அரசு வாங்குவது பற்றிய 2012 ஆணையின் பயன். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடிப்பது நெடுநாள் நடைமுறையாக இருந்தது; புதிய கையேட்டில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 75 லட்சத்துக்கும் தாமதம் என்றால் அரை சதவீதம் 37,500 ரூபாய். இவற்றையெல்லாம் சேர்க்காமல் இரும்பு விலையை வைத்து மட்டும் குறைந்த விலை சொல்லிவிட்டு நடுவில் நின்றுபோன சிறு பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

உரிமம் பற்றியும் கவனம் வேண்டும். வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்கு மட்டுமே ஆன கத்திகள் நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. குத்துவாளும் பயனெட்டும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. உங்களுடையது 7 அங்குலம் என்றாலும், வரைபடத்தைக் காட்டி காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார், பெரம்பூர்:

கத்தியில் இன்னின்ன வசதி வேண்டும் என்று கேட்கும் படைத்துறையினரும் அளவோடு கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் எம்9 பயனெட்டில் அலகும் உறையும் சேர்ந்து கம்பி வெட்டும். 1986இல் ஏறத்தாழ 50 டாலர் வீதம் 3 லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். கிளாக் நிறுவனமோ, கைத்துப்பாக்கியால் பெயர் பெறுவதற்கு முன்பே, ஆஸ்திரியப் படைக்கு எளிய கத்தி ஒன்றைச் செய்து தந்தது: பாஸ்பேட் பூசிய அலகு, பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். நம் வீரர்களுக்கு அந்த எளிமையே போதும் என்பேன்.

ராயபுரம் பட்டறைக்காரர்:

மூவருக்கும் மிக்க நன்றி. கழிவுப் பட்டையில் இதைச் செய்ய இயலாது என்பது தெளிவாகிவிட்டது. அலகை அடிப்பது, சாணை பிடிப்பது, பிடி பொருத்துவது ஆகியவற்றுக்கு மட்டும் நாங்கள் கூலி சொல்லலாம் என்று நினைக்கிறேன்; எஃகும் பதப்படுத்தலும் சோதனையும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

உலோகவியல் பணியாளர், அம்பத்தூர்:

சரியான முடிவு. ஆனால் பதப்படுத்திய பிறகு சாணை பிடிக்கும்போது அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அந்தப் பழி உங்கள் மீதுதான் விழும். ஆகவே தண்ணீர் விட்டுச் சாணை பிடிப்பதற்கான கூலியையும் நேரத்தையும் விலையில் தனியாகக் காட்டுங்கள்.