ஃபான் குவானின் மலையடியில் அந்தக் கோவேறு கழுதைகள் எதற்கு?

மைத்துளி: சீன நிலக்காட்சி ஓவியங்களில் வரும் விலங்குகளுக்குத் தனி அர்த்தம் தேடுவது வீண் வேலை. ஃபான் குவான் 1000-ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ‘மலை ஓடைகளினூடே பயணிகள்’ ஓவியத்தையே எடுங்கள், இப்போது தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான பட்டு, அதில் பெரும்பகுதியை மலையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே வலது ஓரத்தில் பொதி சுமந்த சில கோவேறு கழுதைகள். மலை எவ்வளவு பெரியது என்று காட்ட ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

மூங்கில்காடு: அவற்றை அழித்துப் பாருங்கள், அங்கே ஒரு பாதை இருப்பதே கண்ணில் படாது. அப்புறம் இன்னொன்று. ஓவியரின் கையெழுத்து 1958-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, எங்கே தெரியுமா? அந்தக் கழுதைகளுக்குப் பக்கத்து இலைகளுக்குள். அவ்வளவு பெரிய மலை இருந்தும் தன் பெயரை அவர் வைத்த இடம் அதுதான்.

மைத்துளி: இலை அடர்த்தியாக இருந்த இடத்தில் ஒளித்திருக்கிறார், அதில் கழுதைக்கு என்ன பெருமை? ஃபான் குவான் வாழ்ந்த சோங் வம்சத்தின் அரசவையே 1120-ல் தொகுத்த ஓவியப் பட்டியலில் நிலக்காட்சி ஒரு பிரிவு, விலங்குகள் வேறு பிரிவு. சோங்குக்குப் பின் வந்த யுவான் வம்ச காலத்து ஓவியர் நி ஸான் மனிதனும் விலங்கும் இல்லாமலே வரைந்தார், அந்த ஓவியங்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

கூழாங்கல்: நி ஸானை இப்படி இழுக்காதீர்கள். யுவான் ஆட்சி சரிந்த காலத்தில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு சீனாவின் ‘தாய்’ என்ற பெயருள்ள ஏரிப் பக்கம் படகில் அலைந்தவர் அவர். அவர் வரைந்த ஆளில்லாத மண்டபம் நம்மை உலுக்குவது அங்கே யாராவது இருந்திருக்க வேண்டும் என்று கண் தேடுவதால்தான், முந்தைய ஓவியர்கள் கழுதைகளையும் படகுகளையும் வரைந்து பழக்கியிருக்காவிட்டால் அந்த வெறுமை இவ்வளவு வலிக்குமா?

மூங்கில்காடு: சரியாகச் சொன்னீர்கள். சோங் கால ஓவியர் லி தி 1174-ல் வரைந்ததையும் பாருங்கள், புயல்காற்றில் மரம் வளைகிறது, எருமை மேல் வீடு திரும்பும் சிறுவனின் தொப்பி பறக்கிறது. எருமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வானிலை.

மைத்துளி: அது எருமை ஓவியம், நிலக்காட்சி அதற்குப் பின்னணி. சீன அரசவையில் வரைந்த இத்தாலியர் காஸ்டிலியோனே 1728-ல் முடித்த ‘நூறு குதிரைகள்’ சுருளும் அப்படியே, எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஆனால் குன்றும் மரமும் குதிரைகளுக்கு மேடையாகிவிட்டன. விலங்கு வளர வளர மலை பின்வாங்கும். மலையே முக்கியம் என்று நினைத்த ஃபான் குவான் அதனால்தான் விலங்கை மூலைக்குத் தள்ளினார்.

மூங்கில்காடு: மூலைக்குத் தள்ளியவர் ஏன் இத்தனை பாடுபட்டார்? அளவுகோலுக்கு நாலு மைப்புள்ளி போதும். ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், முதுகுப் பொதியைக் காட்டியிருக்கிறார், கால்களைப் பிரித்து வரைந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.