பாட்டு முடிந்த பிறகுதான் எழுத்து வருகிறது: கணினியில் தட்டச்சுத் தாமதம்

கேள்வி: ஆரையம்பதி மகள்

எங்கள் அப்பா கூத்து அண்ணாவியார், கூத்தைப் பழக்குபவர். வயது 71. அவர் கையால் எழுதி வைத்த வடமோடிக் கூத்துக் கொப்பிகள் மூன்றையும் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது. முழுவதும் போவதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தை மாதத்திலிருந்து இரவு தோறும் உட்காருகிறோம். அப்பா பாடுவார், நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பேன். அவருக்கு வரியை வாசித்துச் சொல்ல வராது, பாடித்தான் சொல்வார். நடுவில் நிறுத்தினால் தருவின் (கூத்துப் பாட்டின்) முதலடிக்கே போய்விடுவார்.

மூன்று கிழமையாக விசையை அழுத்தினால் எழுத்து உடனே வருவதில்லை. வேகமாக அடித்தால் பல எழுத்துகள் விழுவதே இல்லை. ஒரே அடியை நாலைந்து தடவை பாடி நேற்று அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

விண்டோஸ் 10, நினைவகம் 4 ஜி.பி., பழைய வன்தட்டு. ஒரு கடையில் காட்டினேன். கீபோர்ட் பழுது என்றார்கள். புதிதாக வாங்கி மாட்டியும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்தைக் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்த யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: கல்முனைத் திருத்துநர்

மதர்போர்டில் கை வைக்க விடாதீர்கள், தங்கச்சி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற நெடுவரிசை 100 வீதத்திலேயே நிற்கிறதா? நின்றால் பழைய வன்தட்டுத்தான் காரணம். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் போட்டால் சரியாகிவிடும். என்னிடம் வருகிற மெதுவான கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் மருந்து.

ஆனால் புதுக் கீபோர்டிலும் அதே தாமதம் என்பது யோசிக்க வைக்கிறது. நோட்பேடில் அடித்துப் பாருங்கள். மவுஸ் எப்படி நகர்கிறது என்றும் பாருங்கள்.

ஆரையம்பதி மகள்

பார்த்தேன் அண்ணா. டிஸ்க் 10 வீதத்தைத் தாண்டவில்லை. மவுஸ் சொன்ன இடத்துக்கு உடனே போகிறது. நோட்பேடிலும் தாமதம், கடவுச்சொல் அடிக்கும் இடத்தில்கூடத் தாமதம். இன்னொன்றும் கண்டேன். தட்டிவிட்டு விரலை எடுத்தால் எழுத்து வருவதில்லை, கொஞ்சநேரம் அழுத்திப் பிடித்தால் வருகிறது.

பதில்: வந்தாறுமூலை ஆசிரியர்

மகள், அழுத்திப் பிடித்தால் வருகிறது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. கணினியில் பழுது எதுவும் இல்லை. ஃபில்டர் கீஸ் என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தட்டுவதைத் தள்ளிவிடுவதற்காக விண்டோஸில் வைத்திருக்கிறார்கள். குறுகிய தட்டல்களை அது கணக்கில் எடுக்காது.

வலது பக்க ஷிஃப்டை எட்டு வினாடி விடாமல் பிடித்தால் அதை இயக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். பாமினியில் 'கு' என்பது ஷிஃப்டும் எஃப்பும். 'பு' என்பது ஷிஃப்டும் ஜியும். இரண்டுமே இடக்கை எழுத்துகள் என்பதால் ஷிஃப்டை வலக்கை பிடித்துக்கொள்ளும். அப்பா விருத்தத்தை இழுத்துப் பாடும்போது அடுத்த எழுத்துக்காக ஷிஃப்டைப் பிடித்தபடியே காத்திருந்தீர்களா? பெட்டி வந்ததைக் கவனிக்காமல் என்டரைத் தட்டியிருப்பீர்கள்.

செட்டிங்ஸ், ஈஸ் ஆஃப் அக்சஸ், கீபோர்ட் என்று போய் ஃபில்டர் கீஸை நிறுத்துங்கள். அதன் கீழேயே, ஷிஃப்டைப் பிடித்து அதை இயக்கும் குறுக்கு விசைக்கான அனுமதி இருக்கும். அதையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த விருத்தத்தில் மறுபடியும் வந்துவிடும்.

பதில்: காரைதீவு வாசகன்

அக்கா, ஒரு சிறு வேண்டுகோள். பாமினியில் நமக்குத் 'தமிழ்' என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. வேர்ட் ஒவ்வொரு சொல்லையும் பிழையான ஆங்கிலம் என்று எண்ணிச் சிவப்புக் கோடு போடும். வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கி 'க'வைக் 'கு' ஆக்கிவிடும். இந்த இரண்டையும் நிறுத்தினால் நீண்ட கோப்பும் சுமை குறைந்து ஓடும்.

முடிந்தால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறிவிடுங்கள். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது, விரல்களை மாற்றிப் பழக வேண்டியதில்லை. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கோப்பைத் திறந்தால் ஒரு அடிகூட வாசிக்க முடியாது. கொப்பியைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பாடு?

ஆரையம்பதி மகள்

ஐயா, ஃபில்டர் கீஸ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது! நிறுத்தியதும் எழுத்துகள் விரலோடு சேர்ந்தே வருகின்றன. ஒரு நாள் 'பீப்' என்று சத்தம் கேட்டு ஏதோ பெட்டி வந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்பா பாடுவது நின்றுவிடக் கூடாது என்று வாசிக்காமலே என்டரைத் தட்டினேன்.

தம்பி சொன்னபடி வேர்ட்டில் இரண்டையும் நிறுத்திவிட்டேன். 'கு' ஏன் தானாக விழுகிறது என்று இவ்வளவு நாளும் என் விரலைத்தான் குறை சொன்னேன். அடித்து முடித்த 96 பக்கங்களையும் யூனிகோடாக மாற்ற வேண்டும். அதைப் பகலில் நான் தனியாகச் செய்வேன்.

கல்முனை அண்ணா, மதர்போர்ட் பணம் மிஞ்சிவிட்டது, மிகவும் நன்றி. அப்பா இஞ்சித் தேநீர் குடித்துவிட்டு இரண்டாவது கொப்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டியகாரன் வரவிலிருந்து தொடங்குகிறோம்.