நடைக்குழுவோடு போன இடத்தில் இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒன்று

உப்புக்காற்று:

அந்த ஊற்றைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் நானே ஆரம்பிக்கிறேன். போன மாசியில் ராமேஸ்வரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை நடை. ஒன்பதரை கிலோமீட்டர், எல்லாருக்கும் தெரிந்த பாதைதான். 2017இல் ரோடு போட்ட பிறகு அதில் நடப்பதில் என்ன இருக்கிறது என்று ஆண்கடல் என்று சொல்கிற மன்னார் வளைகுடா ஓரமாக மணலிலேயே போனோம். 23 பேர். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும், தனுஷ்கோடியில் கடை இருக்கிறது என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். மணல் காலை இழுத்த இழுப்பில் இடிந்த சர்ச் கண்ணில் படுவதற்குள் பாதிப் பேர் பாட்டில் காலி.

குடிசைகள் இருக்கும் பக்கம் ஒரு பாட்டி மணல் குழிக்குள் குத்தவைத்து, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த ஒரு பையன் கேட்டான், அவர் "குடி ராசா" என்று கொட்டாங்கச்சியை நீட்டினார். அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போய் நின்றுவிட்டோம். நானும்தான். கடலுக்கு அத்தனை பக்கத்தில் அப்படி ஒரு இனிப்பான தண்ணீர். குழி வற்றிப்போனது.

அப்புறம் எங்களில் ஒருவர், நல்ல மனிதர், பாட்டிக்கு உதவி செய்கிறேன் என்று குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் மணலை வாரி வாரி வெளியே போட்டார். பாட்டி "வேணாய்யா, வேணாய்யா" என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டோம். தண்ணீர் நிறைய வந்தது, இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பாட்டி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் கிடந்த மணலைக் காலால் தள்ளிக் குழியை மூடிவிட்டு, அரைக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மூடுவதற்கு முன் நானும் விரலை நனைத்துப் பார்த்தேன். உப்பு.

அவர் எங்களைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைப்பு இருந்திருக்காது என்று தோன்றுகிறது.


ஆமைத்தடம்:

என்னுடையது சேதுக்கரைப் பக்கம். அனுமதி வாங்கித்தான் போனோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் பருவம், இரவு நடை. பேசக்கூடாது, லைட் அடிக்கக்கூடாது, கடல் ஓரமாக ஒரே வரிசையில் வர வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கூட்டிப்போனார்கள்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. திரும்பலாம் என்று நின்ற இடத்தில், எங்களுக்கு முப்பதடி தள்ளி, அலை பின்வாங்கியதும் கருப்பாக ஒரு பாறை அங்கேயே நின்றது. அப்புறம் அந்தப் பாறை நகர்ந்தது. மூச்சு விடுவது கேட்டது, மனிதர் பெருமூச்சு விடுவது போல. துடுப்பை மணலில் ஊன்றி, உடம்பை இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. நான் போனை எடுத்தேன். பிளாஷ் அணைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அது அடித்துவிட்டது.

ஆமை நின்றது. ஒரு நிமிடம் அசையவே இல்லை. பிறகு அரைவட்டமாகத் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. கரைக்கு ஏறும் நேரத்தில்தான் அது எதற்கும் மிரளும், முட்டையிட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் நகராது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனால் என்னை உறுத்துவது அது மட்டும் இல்லை. விடிந்ததும் முட்டை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிற பணியாளர் வந்தார். தடத்தைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. டிராக்டர் டயர் போன தடம் போல மேலே ஏறி, லாடம் மாதிரி வளைந்து இறங்கியிருந்தது, நடுவில் குழி பறித்த அடையாளமே இல்லை. "முட்டை விடாம திரும்பிருச்சு. யாரும் லைட் அடிச்சீங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இருக்கும்.


பரமக்குடி வாத்தியார்:

உப்புக்காற்று அவர்களே, நீங்கள் தேவையில்லாமல் வருத்தப்படுகிறீர்கள். கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது இந்த மாவட்டத்துக்காரர்களின் குணம். தண்ணீர் அருமை தெரிந்த ஊர் இது. வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால்தான் அந்த அம்மாவுக்கு வருத்தமாக இருந்திருக்கும். தவறு ஒரு லிட்டர் போதும் என்று சொன்னவருடையது.

அரியமான் கடற்கரையில் எங்கள் குழுவில் கல்லூரிப் பையன் ஒருவன் பத்து மணி வெயிலில் மயங்கி விழுந்தான், சவுக்கு நிழலுக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தோம். அவன் பையில் பார்த்தால் கேமராவுக்கு மூன்று லென்ஸ், தண்ணீர் இல்லை. அதிலிருந்து நான் எல்லா நடைக்கும் ஒரு பட்டியல் அனுப்பிவிடுகிறேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

ஆளுக்கு மூன்று லிட்டர், குறைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீராக இருக்கட்டும். வெறுங்கால் ஆசை எல்லாருக்கும் வரும், அலை நனைக்கும் ஈர மணலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேட்டு மணலில் ராவணன் மீசை என்கிற புல் உதிர்ந்து கிடக்கும், அதன் முள் ஏறினால் எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கரையில் கண்ணாடி மாதிரி சொறி, அதாவது ஜெல்லி மீன், ஒதுங்கிக் கிடந்தால் செத்துப்போனதுதானே என்று தொடக்கூடாது, செத்த பிறகும் சுணைக்கும். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல்தண்ணீரால் அலசுங்கள். ஆனி ஆடியில் தனுஷ்கோடிப் பக்கம் நடை வைக்கவே வேண்டாம். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அறையும், கண்ணைத் திறக்க முடியாது. காலையில் முனையைப் பார்த்து நடந்தால் வெயில் நேராக முகத்தில் விழும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. தொப்பி விளிம்பு அகலமாக இருக்க வேண்டும். முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் கால் நனைப்பதோடு சரி, அங்கே இழுப்பு எந்தப் பக்கம் என்று நின்று பார்த்துச் சொல்ல முடியாது. மண்டபம் பக்கம் நடந்தால் எதிரே தெரிகிற தீவுக்குப் படகு பிடித்துப் போகலாமா என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்பார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

ஆமைத்தடம், பிளாஷ் தானாக அடித்தது உங்கள் குற்றம் இல்லை. அது வேறு இடத்தில் ஏறி முட்டையிட்டிருக்கும்.


தோணித்துறை:

வாத்தியார் ஐயா, ஆமைத்தடம் பிளாஷுக்காக வருந்தவில்லை. கேட்டவரிடம் பொய் சொன்னதற்காக வருந்துகிறார். இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்.


பாசிக்கரை:

நான் மதுரைக்காரி, மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவள். குழுவில் சேர்ந்து மூன்றாவது நடை அது. மண்டபத்திலிருந்து தெற்குக் கரையோரமாகப் போனோம். எங்களுக்கு நேர் எதிரே வல்லம் படகிலிருந்து, கடல்பாசி எடுத்துவிட்டு அக்காமார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிப் பாறையிலிருந்து பிய்க்க வேண்டும், பாறை விரலைக் கிழித்துவிடும், அதற்குத்தான் துணி. எங்கள் குழுவில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா மூட்டையைக் கரையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே தோல் வெள்ளையாக ஊறிப்போய், நகம் ஓரமெல்லாம் வெடிப்பு.

"எங்கிட்டுத் தாயி போறீக?"

"சும்மா நடக்கறதுக்குத்தான்க்கா."

"நடக்கறதுக்கா? நடந்து?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு நல்லது என்று சொல்ல வாய் வந்தது, அந்த விரல்களைப் பார்த்துவிட்டு அதை எப்படிச் சொல்வது. நான் முழித்ததைப் பார்த்து அவரே, "கடலப் பாக்க வந்திருப்பீக, பாருங்க பாருங்க, இன்னக்கி தெளிவாத்தான் இருக்கு" என்று எனக்காக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர்கள் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி, ஜெல்லி மாதிரி உறைகிற அகர் காய்ச்சுவதற்குப் போகிறது என்று பிறகு வீட்டில் மாமியார் சொன்னார். அவரும் சின்ன வயதில் போயிருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. இப்போது அவர் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அக்காவின் கேள்விதான் ஞாபகம் வருகிறது.


கோட்டைக்கரையாறு:

என்னுடையது சின்ன விஷயம். காரங்காட்டு அலையாத்திக் காட்டு ஓரமாக நடந்தபோது நான் மட்டும் குறுக்கு வழி என்று சகதியில் இறங்கி, தொடைவரை போய்விட்டேன். மேலே பார்த்தால் காய்ந்து வெடித்த தரை போலத்தான் இருக்கும், அடியில் களி. இழுத்த ஊர்க்கார அண்ணன் துடுப்பைப் படுக்கப் போட்டு அதன்மேல் நெஞ்சைச் சாய்க்கச் சொன்னார். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது, பிளாஸ்டிக். அந்தக் காட்டில் அதைப் போட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் உறுத்தல்.


பரமக்குடி வாத்தியார்:

தோணித்துறை அவர்களுக்கு, நான் படித்துவிட்டுத்தான் எழுதினேன். அந்தப் பணியாளரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழுவுக்கு அடுத்த முறை அனுமதி கிடைத்திருக்காது. முப்பது பேருக்கு ஆமையைப் பார்க்கும் வாய்ப்புப் போயிருக்கும். ஒருவர் வாயை மூடிக்கொண்டது எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. பார்த்தால்தானே அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே வரும்?


தோணித்துறை:

அனுமதி போகட்டுமே ஐயா. முட்டையிட ஏறுகிற ஆமையைப் பார்க்க முப்பது பேர் எதற்கு? நான் குழுவிலிருந்து விலகியதே இந்தக் காரணத்துக்காகத்தான். கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரை இறங்கியிருந்தபோது, பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று ஒருவர் தண்ணீருக்குள் ஓடினார். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் எழும்பின, சிவப்பும் கருப்புமாகச் சிறகு விரிந்தது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, நானும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவை எவ்வளவு தூரம் பறந்து வந்து அங்கே இரை எடுக்க நின்றன என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இப்போது தனியாக நடக்கிறேன், தூரத்தில் நின்று பார்க்கிறேன்.


ஆமைத்தடம்:

எனக்காகச் சண்டை போட வேண்டாம். அந்தப் பொரிப்பகத்துக்கு இந்த மாதம் மறுபடி போகிறேன். அவர் இருந்தால் சொல்லிவிடுவேன்.


கம்பிப்பாடு பேத்தி:

இப்போதுதான் முதல் பதிவைப் பார்த்தேன். எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் அவருடைய அண்ணனைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் குடும்பம் அந்த மணலை விடவில்லை. நான் ராமேஸ்வரத்தில் படித்தேன், விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். ஊற்றில் மொண்டு வளர்ந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அவர் குழியை மூடியது கோபத்தில் இல்லை. உப்பேறிய ஊற்றை மூடுவதுதான் வழக்கம். விவரம் தெரியாமல் வேறு யாராவது அதில் மொண்டு உலை வைத்துவிடக் கூடாது. அந்த மணலுக்கு அடியில் இருப்பது மழைத்தண்ணீர். கடல்தண்ணீர் கனம், அது அடியில் நிற்கும், மழைத்தண்ணீர் அதன்மேல் ஏடு மாதிரி மிதந்துகொண்டு நிற்கும். அதனால்தான் கொட்டாங்கச்சி. வாளி விட்டால் கலங்கிவிடும், ஆழம் பறித்தால் ஏடு கிழிந்து கீழே இருப்பது மேலே வந்துவிடும். மேலாகச் சுரண்டி, ஊற விட்டு, மறுபடி மொண்டு, மறுபடி ஊற விட வேண்டும். அவசரப்படுகிற பிள்ளைகளை அப்பத்தா குழிக்குள் இறங்கவே விடமாட்டார்.

அவர் "வேணாய்யா" என்று இரண்டு முறை சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் ஊரில் பெரியவர்கள் வெளியூர்க்காரர்களிடம் அதற்கு மேல் சொல்லமாட்டார்கள்.


உப்புக்காற்று:

நன்றி சகோதரி. ஒன்று மட்டும் கேட்கலாமா. மாசி மாதத்தில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?


கம்பிப்பாடு பேத்தி:

நல்ல ஊற்றாக இருந்தால் ஒரு மணி நேரம். இல்லையென்றால் இரண்டும் ஆகும். அப்பத்தா நான்கு மணிக்கே எழுந்து போய்விடுவார். நீங்கள் போனபோது பாதிக் குடம் இருந்தது என்றால், வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.