டி.ஓ. படித்தால் சுளுக்குதான் எடுக்கணுமா?

டெட்ராய்ட் சித்தி:
என் மகள் அமெரிக்காவில் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், படித்தவள். எம்.டி. என்பது இங்கே நம்மூர் எம்.பி.பி.எஸ். மாதிரி வழக்கமான மருத்துவப் பட்டம். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என் மகளைக் காட்டி, "டி.ஓ.வா? எம்.டி. சீட் கிடைக்காதவர்கள் போகும் சுளுக்கு எடுக்கிற படிப்புதானே" என்றார். கையில் தட்டு இருந்ததால் தப்பித்தார். அமெரிக்காவில் டி.ஓ. முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். வெள்ளை மாளிகையில் டிரம்புக்கு மருத்துவராக இருந்த ஷான் கான்லி டி.ஓ., அவசர சிகிச்சைக்காரர். பைடனுக்கு வந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ., குடும்ப மருத்துவர். இன்னொரு டி.ஓ. ரொனால்ட் பிளாங்க் 1996இல் அமெரிக்க ராணுவத்தின் சர்ஜன் ஜெனரல், அதாவது தலைமை மருத்துவர், ஆனார். என் மகள் மயக்க மருந்துத் துறையில் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி, செய்கிறாள். இதில் யார் சுளுக்கு எடுக்கிறார்கள்?

டல்லாஸ் ராகவன்:
அந்த ஒருவர் நான்தான். நாலு பேர் பெயரைச் சொன்னால் ஆச்சா? டி.ஓ.க்களில் பாதிக்கு மேல் குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது மருத்துவம் என்று முதல்நிலை சிகிச்சையில்தான் இருக்கிறார்கள். அதை விடுங்கள். 1962இல் கலிபோர்னியாவில் என்ன நடந்தது? அங்கிருந்த டி.ஓ.க்கள் ஒரு சின்ன வகுப்பில் உட்கார்ந்து, 65 டாலர் கட்டி, பட்டத்தை எம்.டி. என்று மாற்றிக்கொண்டார்கள். சுமார் 2,000 பேரில் 86 சதவீதம். அவ்வளவு பெருமையான பட்டத்தை எதற்கு மாற்றுவானேன்?

டெட்ராய்ட் சித்தி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார். திரும்ப நாலு வருஷம் படிக்கச் சொன்னார்களா? இல்லை. 65 டாலர்தான் கேட்டார்கள். இரண்டு பட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் விலை அவ்வளவுதான். அவர்களுடைய கல்லூரிதான் இன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் மருத்துவப் பள்ளி. புது டி.ஓ.க்களுக்கு உரிமம் இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

லண்டன் வாசி:
ஒரு சந்தேகம். இங்கே ஆஸ்டியோபாத் என்றால் மருத்துவர் கிடையாது, மருந்து எழுத முடியாது. நீங்கள் இருவரும் பேசுவது எதைப் பற்றி?

டல்லாஸ் ராகவன்:
பார்த்தீர்களா, லண்டன்காரரே சொல்லிவிட்டார்!

டெட்ராய்ட் சித்தி:
லண்டன் தம்பி, பெயர்தான் ஒரே மாதிரி. உங்கள் ஊர் ஆஸ்டியோபாத் வேறு, மருத்துவரான எங்கள் டி.ஓ. வேறு. குறுக்கே வராதீர்கள். சுளுக்கு விஷயத்துக்கு வருகிறேன். கையால் செய்யும் சிகிச்சை பாடத்தில் உண்டு, சுமார் 200 மணி நேரம். முதல் வருஷம் மகள் லீவுக்கு வந்தபோது அவள் அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னந்தலைக்கு அடியில் இரண்டு கை விரல்களையும் கொடுத்து அசையாமல் நின்றாள். நாலே நிமிஷத்தில் மனிதர் குறட்டை. இப்போது அவளிடம் கேட்டால், "அதெல்லாம் மறந்துபோச்சு அம்மா" என்கிறாள். ஆபரேஷன் தியேட்டரில் அவள் தூங்கவைப்பதே வேறு விதம்.

டல்லாஸ் ராகவன்:
மறந்துபோச்சு என்றால் எதற்கு அந்த 200 மணி நேரம்? எம்.டி.யே படித்திருக்கலாமே. கிடைத்திருந்தால்.

டெட்ராய்ட் சித்தி:
"கிடைத்திருந்தால்"! போன தீபாவளிக்குச் சங்கத்தின் ஹால் வாடகைக் கணக்கைக் கேட்டதிலிருந்து உங்களுக்கு என்மேல் காட்டம். நேராகவே சொல்லுங்கள்.

டல்லாஸ் ராகவன்:
கணக்கு ஆடிட் ஆகிவிட்டது. 65 டாலருக்கு வாருங்கள்.

கொங்கு காபி:
அந்தக் காலத்தில் 65 டாலர் சின்னக் காசு இல்லைங்க. எங்க மாமனார் எட்டு டாலரோடு வந்து இறங்கினவர்.

டல்லாஸ் ராகவன்:
அவ்வளவு காசைக் கொடுத்தும் மாற்றியிருக்கிறார்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

டெட்ராய்ட் சித்தி:
காபி தம்பி, அவருக்கு நீங்களே எடுத்துக்கொடுக்கிறீர்களே! சார், அது 1962. 2020இலிருந்து எம்.டி.க்கும் டி.ஓ.க்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பிடம். என் மகளோடு அதே ட்யூட்டி பார்க்கிறவர்களில் பாதிப் பேர் எம்.டி. சம்பளமும் ஒன்றுதான்.

டல்லாஸ் ராகவன்:
நல்லது. 65 டாலருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொங்கு காபி:
நடுவில் மன்னிக்கணும். பையனுக்கு ஜனவரியில் கிர்க்ஸ்வில் கல்லூரியில் இண்டர்வியூ. 1892இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஆரம்பித்த முதல் ஆஸ்டியோபதி கல்லூரியாம். மிசூரி குளிருக்கு எந்த மாதிரி கோட் வாங்கணும்?

டெட்ராய்ட் சித்தி:
வாழ்த்துகள் தம்பி. கோட்டுக்குத் தனி இழை போடுங்கள். ராகவன் சார், பட்டத்தை மாற்றாத 14 சதவீதம் பேர் என்ன, 65 டாலர் இல்லாமலா இருந்தார்கள்?