33 வார கர்ப்பம், புரண்டு படுத்தாலே இடுப்புல உயிர் போகுது, என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்?

மல்லிப்பூ: முதல் குழந்தை. பெட்ல திரும்பினாலே பின்பக்கம் இடுப்புக்குக் கீழ ஒரு சைடு மட்டும் சுரீர்னு இழுக்குது, மாடிப்படி ஏறினாலும் அப்படித்தான். டாக்டர் லேசா எக்சர்சைஸ் பண்ணும்மான்னாங்க, எதுன்னு சொல்லல. வீடியோ பாத்து பட்டாம்பூச்சி ஆசனம் பண்ணா வலி கூடுது. அத்தை வேற குனிஞ்சு வீடு தொடைச்சா சுகப்பிரசவம் ஆகும்ங்கறாங்க. வலிக்கு ஸ்ப்ரே அடிக்கலாமா?

பிசியோ அக்கா: ஒரு சைடு, புரண்டா வலி, படி ஏறினா வலின்னா பெரும்பாலும் இடுப்பெலும்பு மூட்டுதான்மா. இந்த சமயத்துல ஹார்மோனால மூட்டு நாரெல்லாம் தளர்ந்து போயிருக்கும், அதுல காலை விரிச்சு இழுத்தா வலிக்கத்தான் செய்யும், அதனால பட்டாம்பூச்சியை விட்டுடுங்க. கையும் முட்டியும் தரையில ஊனி நில்லுங்க, மூச்சு விடும்போது முதுகை பூனை மாதிரி மேல வளைங்க, மூச்சு இழுக்கும்போது முதுகு நேரா வந்தா போதும், கீழ தொய்ய விடாதீங்க. எட்டு பத்து தடவை, காலையும் சாயங்காலமும். முட்டி வலிச்சா சுவத்துல சாஞ்சு நின்னு, முட்டிய லேசா மடக்கி, முதுகுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மறையற மாதிரி அழுத்தி விடுங்க. ஆனா உண்மைய சொல்லணும்னா எக்சர்சைஸை விட திரும்பற விதம்தான் முக்கியம். ரெண்டு முட்டியும் ஒட்டி வச்சு, தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்பணும். தலகாணி முட்டியில இருந்து கணுக்கால் வரைக்கும் இருக்கட்டும், மல்லாக்க படுக்க வேணாம். படியில வலிக்காத கால் முதல்ல ஏறணும், ஒவ்வொரு படியா. பேண்ட்டு உக்காந்துதான் போடணும்.

ரெண்டு வாலு அம்மா: ஸ்ப்ரேல டைக்ளோஃபெனாக்ங்கற வலி மருந்து இருக்கான்னு பாருங்க, இருந்தா தொடாதீங்க, கடைசி மூணு மாசத்துல அது குழந்தையோட இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற ஒரு ரத்தக்குழாயை நேரத்துக்கு முன்னாடியே மூட வச்சிடலாம், கிட்னிக்கும் ஆகாது. பாராசிட்டமாலும் டாக்டரைக் கேட்டுட்டுதான். அத்தைகிட்ட மாப் குச்சிய குடுங்க 😀

மல்லிப்பூ: முட்டிய ஒட்டி வச்சு திரும்பினது நல்லாவே கேக்குது, தேங்க்ஸ் அக்கா. ஆனா இன்னைக்கு மதியத்துல இருந்து வலி விட்டு விட்டு வருது, வயிறும் கூடவே இறுகுது, யூரின் போனா எரியுது. இதுக்கும் பூனை எக்சர்சைஸ் பண்ணலாமா?

பிசியோ அக்கா: வேணாம்! இது வேற. 37 வாரத்துக்கு முன்னாடி இப்படி வந்தா காத்திருக்கக் கூடாது, ஃபைலை எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. தண்ணி கசிஞ்சாலோ ரத்தம் பட்டாலோ குழந்தை அசைவு குறைஞ்சிருந்தாலோ போனதும் முதல்ல அதை சொல்லுங்க.

மல்லிப்பூ: போயிட்டு வந்தாச்சு. யூரின் இன்ஃபெக்‌ஷனாம், கர்ப்பப்பை வாய் திறக்கலையாம், குழந்தை ஹார்ட்பீட் ஓகே. ஆன்டிபயாடிக் குடுத்திருக்காங்க. இறுக்கம் நிக்கற வரைக்கும் எக்சர்சைஸ் வேணாம்னுட்டாங்க.