தூக்கணாங்குருவிக் கூடுகளில் பாதி அரைகுறையாகத் தொங்குகின்றன, எப்படிக் கணக்கெடுப்பது?

வயக்காட்டுவாசி:

தென்காசிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வயல் கிணற்றை ஒட்டி ஆறு பனைகள் நிற்கின்றன. கார் நெல் நட்டு வளர்ந்ததும் தூக்கணாங்குருவிகள் வந்து கட்ட ஆரம்பித்துவிட்டன. தெருப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 47 கூடு. அதில் 21 அரைகுறையாக நிற்கின்றன, கீழே நுழைகிற குழாயே இல்லை. ஒருத்தன் நோட்டில் "47 கூடு, 94 குருவி" என்று எழுதிவிட்டான். இது சரியா? அரைகுறைக் கூட்டைச் சேர்ப்பதா, விடுவதா? அப்புறம், எல்லாமே ஏன் பனைக்குக் கிழக்குப் பக்கமாகவே தொங்குகின்றன? தொரட்டியில் மொபைலைக் கட்டி உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள்.

கருவேலங்காடு:

அண்ணாச்சி, 94 வராது. இந்தக் குருவிக்கு ஒரு கூடு, ஒரு ஜோடி என்ற கணக்கே கிடையாது.

கட்டுவது ஆண். நெல் இலையின் ஓரத்தை அலகால் கடித்து, நீளவாக்கில் நாராகக் கிழித்துக்கொண்டு வரும். உங்கள் வயலில் நின்று பார்த்தாலே தெரியும். முதலில் ஓலையில் முடிச்சுப் போட்டு ஒரு வளையம். பிறகு அதை ஹெல்மெட் மாதிரி ஆக்கி, குறுக்கே ஒரு பட்டையோடு நிறுத்திவிடும். நீங்கள் அரைகுறை என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலைதான். பெண்கள் வந்து பார்ப்பதும் இப்போதுதான். ஆண் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெண் உள்ளே நுழைந்து நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும். அதற்குப் பிறகுதான் ஆண் முட்டை அறையை மூடிக் குழாயை இறக்கும். அது முடிந்த கையோடு பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைக் கூப்பிடும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடு அப்படியே நின்றுவிடும், அல்லது கட்டிய ஆணே பிய்த்துப் போடும்.

இதை ஒழுங்காகப் பார்த்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930-இல் மும்பைக்குத் தெற்கே கடலோரக் கிராமமான கிஹிமில் ஒரு குடியிருப்பை நாள்தோறும் கவனித்தார். ஒரே ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களோடு சேர்வதை அங்கேதான் கண்டுகொண்டார். பெரிய கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எந்தக் கூட்டில் எந்தப் பறவை என்று விடாமல் பார்த்ததுதான் வேலை.

ஆகவே அந்த 21 கூடுகளை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் நோட்டிலேயே சுவாரசியமான பகுதி அதுதான். பனைகளுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொரு மரத்தின் படத்தையும் வரைந்து, கூடு இருக்கும் இடத்தில் வளையம், ஹெல்மெட், குழாய் என்று நிலையைக் குறியுங்கள். வாரம் ஒருமுறை காலை வேளையில் போதும். பெண் 14 முதல் 17 நாள் அடைகாக்கும், குஞ்சு பறக்க ஏறக்குறைய அவ்வளவே ஆகும். அதனால் வார இடைவெளியில் பெரிதாக எதுவும் தப்பாது. குழாய் இறங்கிய கூடுகளுக்குப் பெண் பூச்சியோடு போய்வந்தால் உள்ளே குஞ்சு உண்டு என்று எழுதிவிடலாம். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

குருவிகளை எண்ணும்போது மஞ்சள் தலை ஆண்களைத் தனியாக எண்ணுங்கள். மஞ்சள் இல்லாததெல்லாம் பெண் என்று போட்டுவிட வேண்டாம். இன்னும் நிறம் வராத இளம் ஆண்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

கிழக்கு விஷயம் உங்கள் ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மரத்துக்குக் கிழக்கே தொங்கினால் அடி குறைவு. ஆனால் எல்லாக் கூடும் கிழக்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை விட, ஒவ்வொன்றுக்கும் திசையை எழுதிவையுங்கள். மொபைலில் திசைகாட்டி இருக்குமே.

பனங்குருத்து:

மேலே சொன்னதோடு ஒன்று. பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்று பறவை ஆய்வாளர் சுஹேல் காதர் ஆராய்ந்திருக்கிறார். பின்னல் வேலைப்பாட்டை விட, கூடு தொங்கும் இடத்துக்கே பெண்கள் அதிக மதிப்புக் கொடுக்கின்றன: உயரம், கிளையின் பலம், முள்மரமா இல்லையா. ஆகவே உயரத்தையும் தோராயமாகக் குறியுங்கள். கிணற்றுப் பக்கமா, வரப்புப் பக்கமா என்பதும் உதவும்.

தொரட்டி யோசனையை விட்டுவிடுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாமே. அதோடு, நீங்கள் கம்போடு நின்றால் குருவி விலகும், காக்கை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். 8x42 பைனாகுலர் ஒன்று இரவல் கிடைத்தால் தாராளம்.

வயக்காட்டுவாசி:

நன்றி. தொரட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். காற்றில் விழுந்து கிடக்கும் கூடுகளை என்ன செய்ய? உள்ளே ஈரமண் அப்பியிருக்கிறது, மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கத்தான் அந்த மண் என்கிறார் அப்பா. அப்புறம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. அங்கே ஒரு கூடும் இல்லை. அதை எழுத வேண்டியதில்லைதானே?

கருவேலங்காடு:

விழுந்த கூட்டுக்கு எந்த மரம், எந்த நிலை, உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்ததா என்று எழுதிவிட்டு அங்கேயே விடுங்கள். மண் உருண்டை எல்லா இடத்திலும் காணப்படுவதுதான், காற்றில் கூடு ஆடாமல் இருக்கக் கனம் கொடுக்கிறது என்பது ஒரு கருத்து. மின்மினி அப்பாவோடு இருக்கட்டும், சண்டை போடாதீர்கள்.

தென்னந்தோப்பைக் கட்டாயம் எழுதுங்கள். தேதி, நேரம், கூடு 0. போய்ப் பார்க்காத இடத்தையும் பார்த்தும் இல்லாத இடத்தையும் வரைபடத்தில் பிரித்துக் காட்டுவது அந்த 0 மட்டுமே. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டில் (eBird) ஏற்றினால் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்து முழுப் பட்டியலாகப் போடுங்கள், கிணற்றடிப் பட்டியலில் கூடு கட்டுவதற்கான குறியீட்டையும் சேருங்கள். பக்கத்து ஊர்ப் பனைகளையும் ஒரு சுற்றுப் பார்க்க முடியுமா?